எடை ஏறட்டும், பிறகு சேர்க்கலாம்: ராயல் பைத்தான் வளர்க்கும் வாசகிக்குப் பதில்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். என்னிடம் ஒரு பெண் ராயல் பைத்தான் (ஆப்பிரிக்க மலைப்பாம்பு இனம்) இருக்கிறது. பாஸ்டல் என்ற நிற வகை, வயது இரண்டு வருடம் நான்கு மாதம், எடை 1180 கிராம். மூன்று வாரத்துக்கு முன் பதினான்கு மாதமான பனானா நிற வகை ஆண் ஒன்றை (540 கிராம்) வாங்கி அதே கூண்டில் விட்டேன். சண்டை இல்லை, இரண்டும் ஒன்றாகவே சுருண்டு கிடக்கின்றன. இந்தக் குளிர்காலத்திலேயே முட்டை எடுக்க முடியுமா? இன்குபேட்டரை எப்படி அமைப்பது? ஒரு குட்டி 150 பவுண்டுக்குப் போகும் என்கிறார்களே, உண்மையா? மதுரையில் இருக்கும் என் தம்பியும் இதைத் தொடங்க ஆசைப்படுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: வணக்கம். முதலில் ஆணைத் தனி டப்பாவில், முடிந்தால் தனி அறையில் வையுங்கள். இதை இன்றே செய்துவிடுங்கள். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

ஒன்றாகச் சுருண்டு கிடப்பதை நட்பு என்று நினைத்துவிட்டீர்கள். இந்தப் பாம்பு தனித்து வாழ்வது. செனகல் முதல் உகாண்டா வரை பரந்த புல்வெளியில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிப்பது. கூண்டில் நல்ல மறைவிடம் ஒன்று, சூடான மூலை ஒன்று என்று இருந்தால் இரண்டும் அதே இடத்துக்குத்தான் வரும். அது இடத்துக்கான போட்டி. சீறாமல் கடிக்காமல் நடக்கிறது என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நாளில் ஒன்று இரை எடுப்பதை நிறுத்தும்போதுதான் தெரியும்.

இன்னொரு காரணம் நோய். வெளியிலிருந்து வரும் பாம்பை குறைந்தது 90 நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் செதில் இடுக்கில் ஏதாவது ஊர்ந்தாலோ அது பாம்பு உண்ணி. அதையாவது கண்ணால் பார்த்துவிடலாம். நிடோவைரஸ் அப்படி இல்லை. 2014ல்தான் இந்தப் பாம்பினத்தில் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும். வெளியே ஒன்றுமே தெரியாமல் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். வாயில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்பலாம். உங்கள் இரண்டும் மூன்று வாரம் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்திருப்பதால் இரண்டுக்குமே சோதனை செய்யுங்கள். சில மாதம் கழித்து மறுபடி ஒருமுறை. இந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. இந்தக் குளிர்காலத்தில் வேண்டாம். அடுத்த நவம்பர் வரை பொறுங்கள்.

பெண்ணின் எடைதான் காரணம். மூன்று வயதும் 1500 கிராமும் கீழ் வரம்பு. இணை சேர்க்கத் தொடங்கும் நாளில் 1600, 1700 கிராம் இருந்தால் நல்லது. ஏனென்றால் கரு வளரும்போது பெரும்பாலான பெண்கள் இரையைத் தொடாது. முட்டையிட்டு முடிக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை இறங்கியிருக்கும். 1180 கிராம் பாம்பிலிருந்து அவ்வளவு கழிந்தால் மிஞ்சுவது முதுகெலும்பும் தோலும்தான். சில பாம்புகள் அந்த எடையிலும் முட்டையிடும்; இட்டதைக் காட்டிப் பெருமைப்படுபவர்களும் உண்டு. ஆனால் அதில் மூன்று நான்கு சிறிய முட்டைகளும், உள்ளே சிக்கிக்கொண்ட ஒன்றும், இரண்டு வருடம் ஆகியும் பழைய நிலைக்குத் திரும்பாத தாயும்தான் மிச்சம்.

எடையை ஏற்ற அவசரப்படவும் வேண்டாம். 80 கிராம் எலி ஒன்று, பத்து நாளுக்கு ஒரு முறை. தின்றதில் நான்கில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினால் ஒரு வேளைக்கு 20 கிராம். உங்களுக்கு வேண்டிய 450 கிராமுக்கு 22 வேளைக்கு மேல், அதாவது ஏழெட்டு மாதம். குளிரில் அவள் பட்டினி கிடக்கும் வாரங்களையும் சேர்த்தால் ஒரு வருடக் கணக்கு சரியாக வரும். வாரம் இரண்டு எலி போட்டு ஊதவைத்தால் ஏறுவது கொழுப்பு. கொழுத்த பெண் முட்டையிடத் திணறுவாள். சமையலறைத் தராசில் மாதம் இருமுறை, இரை கொடுப்பதற்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வாரம் ஒன்றாக விட்டிருக்கிறீர்கள். ஆண் சிறியதுதான், ஆனாலும் பதினான்கு மாதத்தில் சேரக்கூடியதே. பெண் விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைக்கக் கூடியவள். ஆகவே நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அவள் உடம்பு வேறு முடிவு எடுத்திருக்கலாம். வரும் மாதங்களில் கவனிக்க வேண்டியவை இவை: திடீரென்று சூட்டை விட்டுக் குளிர்ந்த பக்கம் போய்க் கிடப்பது, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு படுப்பது, வழக்கத்தைவிட வெளிறித் தெரிவது, உடலின் பின்பாதி தடிப்பது, வயிறு மேலே தெரியும்படி பக்கவாட்டில் புரண்டு கிடப்பது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் ஸ்கேன் எடுங்கள். கருமுட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் தெரியும். 10, 15 என்றால் பல சமயம் உடம்பே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 30ஐத் தாண்டிவிட்டால் முட்டை வரப்போகிறது என்று தயாராகிவிடுங்கள்.

ஆண் என்று விற்றது ஆண்தானா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். கழிவுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் நகம் போன்ற முள்ளை வைத்துச் சொல்வது நம்ப முடியாதது. இரண்டு பாலுக்கும் அது உண்டு. மெல்லிய உலோகக் குச்சியை வால் பக்கமாகச் செலுத்தி எத்தனை செதில் தூரம் போகிறது என்று எண்ணுவார்கள். ஆணில் ஏழு முதல் பத்து, பெண்ணில் இரண்டு முதல் நான்கு. பழகாத கை செய்தால் கிழித்துவிடும். நீங்கள் முயல வேண்டாம்.

சரி, கையில் ஒரு வருடம் கிடைக்கிறது. அதில் என்ன செய்யலாம்?

மரபைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். உங்கள் ஜோடிக்குக் கணக்கு எளிது. பாஸ்டல், பனானா இரண்டுமே ஒரு பெற்றோரிடமிருந்து ஒற்றை மரபணு வந்தாலே வெளியே தெரிபவை. ஒவ்வொரு முட்டைக்கும் நான்கு வாய்ப்பு: சாதாரணம், பாஸ்டல், பனானா, இரண்டும் சேர்ந்த பனானா பாஸ்டல், ஒவ்வொன்றும் 25 விழுக்காடு. இது காசு சுண்டுவது போலத்தான். ஆறு முட்டையில் நான்கு சாதாரணம் வந்தாலும் கணக்கில் தப்பு இல்லை.

பனானாவுக்கு இன்னொரு குணம் உண்டு. அந்த மரபணு பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. மலைப்பாம்புகளுக்கும் நம்மைப்போல எக்ஸ், ஒய் முறைதான் என்பது 2017ல் வெளியான ஆய்வில்தான் தெரியவந்தது. உங்கள் ஆணுக்குப் பனானா அதன் தந்தை வழி வந்திருந்தால் அதற்குப் பிறக்கும் பனானாக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஆணாக இருக்கும். தாய் வழி வந்திருந்தால் பெரும்பாலும் பெண். விற்றவரிடம் எந்த வழி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தெரியாது என்று சொன்னால், முதல் ஈட்டில் (ஒரு தடவை இடும் முட்டைகள்) நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

நாளை இன்னொரு பாம்பு வாங்கும் எண்ணம் வந்தால் ஸ்பைடர் வகையைத் தொடாதீர்கள். அழகான கோலம்தான். ஆனால் அந்த மரபணு உள்ள ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் அளவில் தலை ஆட்டம் இருக்கும். இரையைக் குறி தவறிக் கொத்துவது, தலைகீழாகத் திரும்பிக்கொள்வது வரை போகும். உள்காது சரியாக உருவாகாததே காரணம் என்று 2022ல் வெளியான ஆய்வு காட்டியது. நல்ல வளர்ப்பினால் அதைச் சரிசெய்ய முடியாது. தலை நிமிர்த்த முடியாத குட்டியைத் தெரிந்தே பிறக்கவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சாம்பேன், வோமா வகைகளிலும் இதே ஆட்டம் உண்டு. காரமல் அல்பினோவில் முதுகெலும்பு வளைவு அடிக்கடி வரும்.

அடுத்த நவம்பரில் பெண் எடைக்கு வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் மட்டும் கூண்டின் பொது வெப்பத்தை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 24, 25க்கு இறக்குங்கள். சூடான மூலை பகலில் 31, 32 என்று அப்படியே இருக்கட்டும். இங்கிலாந்து வீடுகளில் ஹீட்டிங் இரவில் அணைந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கு மேல் குளிர வைத்தால் முட்டைக்குப் பதில் மூச்சுத் தொற்றுதான் வரும். வாய் ஓரத்தில் நுரை, மூச்சில் கிளிக் சத்தம் கேட்டால் உடனே சூட்டை ஏற்றி மருத்துவரிடம் போங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படி இரவுக் குளிர் கொடுத்த பிறகு ஆணைப் பெண்ணின் கூண்டில் விடுங்கள். இரை எடுத்து இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். மூன்று நாள் விட்டு வெளியே எடுத்து இரை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி. மார்ச் வரை, அல்லது பெண் கருமுட்டை வெளியிடும் வரை இந்தச் சுற்று.

வால்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக் கழிவுத்துளைகள் ஒட்டியிருந்தால் சேர்ந்துவிட்டன. சில மணி நேரம் முதல் இரண்டு நாள்வரை அப்படியே கிடக்கும். கையை வைக்காதீர்கள், பிரிக்க முயன்றால் ஆணுக்குக் காயமாகும். (நம் ஊரில் இரண்டு சாரை எழுந்து நின்று பின்னிக்கொள்வதைப் பிணையல் என்று சொல்லித் துணி போடுவார்கள். அது இரண்டு ஆண்களின் மல்யுத்தம். உண்மையான சேர்க்கை சத்தமில்லாமல் தரையோடு தரையாக நடப்பது.) இந்த மாதங்களில் ஆண் சாப்பாட்டை மறந்துவிடும். தொடங்கிய எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் அதை நிறுத்தி உடம்பு தேற்றுங்கள்.

ஒரு காலையில் பெண்ணைப் பார்த்தால் பெரிய எலியை முழுங்கியதுபோல் நடு உடம்பு புடைத்திருக்கும். நீங்கள் இரையே கொடுத்திருக்க மாட்டீர்கள். வால் பக்கம் இறுகி, செதில்களுக்கு நடுவே தோல் தெரியும். மாலைக்குள் அல்லது மறுநாளுக்குள் வடிந்துவிடும். அதுதான் கருமுட்டை வெளியேறும் நாள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆணை இனி உள்ளே விடாதீர்கள். அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் சட்டை உரிப்பாள். அந்தச் சட்டைக்குப் பின் சுமார் முப்பது நாளில் முட்டை. புடைப்பைத் தவறவிட்டாலும் கவலையில்லை. சட்டையைத் தவறவிடாதீர்கள், நம்பக்கூடிய நாட்காட்டி அதுதான். ஈரமான ஸ்பாக்னம் பாசி போட்ட, தலை நுழைய ஓட்டை வெட்டிய டப்பா ஒன்றைச் சூடான பக்கம் வைத்துவிடுங்கள்.

இந்தச் சட்டைக்கு முன்பே இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் வேண்டாம். அதில் முட்டையைத் திருப்பும் தட்டு இருக்கும், பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது. ஓடாத சின்னக் குளிர்பெட்டி அல்லது தடித்த தெர்மகோல் பெட்டி போதும். அடியில் ஹீட் கேபிள் அல்லது ஹீட் மேட், மேலே காற்றைச் சுற்றவிட ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன், காலி இடத்தை அடைக்கத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் நான்கைந்து. மின்சாரம் போனாலும் அந்தத் தண்ணீர் சில மணி நேரம் சூட்டைப் பிடித்துவைக்கும். தெர்மோஸ்டாட் பல்ஸ் முறையில் கட்டுப்படுத்துவதாக இருக்கட்டும். போட்டு அணைக்கும் மலிவு வகையில் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 31.5 டிகிரியில் வையுங்கள்.

இன்குபேட்டரில் முட்டை சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் சென்சார். பெட்டியின் சுவரில் ஒட்டிய சென்சார் நழுவி வெளியே விழுந்தால், அது அறையின் 20 டிகிரியைப் படித்துக்கொண்டு "இன்னும் சூடு வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். காலையில் பார்க்கும்போது முட்டைகள் வெந்திருக்கும். ஆகவே சென்சாரை முட்டை டப்பா இருக்கும் தட்டிலேயே, டப்பாவின் உயரத்தில், பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டுங்கள். வெறும் டேப் ஈரத்தில் உரியும். முதல் தெர்மோஸ்டாட்டுக்கு முன் இன்னொன்றை 33 டிகிரிக்கு வைத்து இணைத்துவிட்டால் ஒன்று பழுதானாலும் மற்றது துண்டிக்கும். முட்டை டப்பாவுக்குள் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். காலியாக, ஆனால் ஈரமான டப்பாவை உள்ளே வைத்து, இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். 34 டிகிரியைத் தொட்டுவிட்டால் முதுகெலும்பு வளைந்த குட்டிகளோ சாவோதான். ஒரு டிகிரி குறைந்தால் பொரிய நாள் கூடுமே தவிரப் பெரிய கேடில்லை.

முட்டை டப்பாவுக்கு ஆறேழு லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. வெர்மிகுலைட்டும் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் சம எடை: 300 கிராமுக்கு 300 மில்லி. கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. முதல் தடவை செய்பவருக்கு இதைவிடவும் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. வெர்மிகுலைட்டை அதைவிட ஈரமாக அடியில் போட்டு, அதன்மேல் டியூப்லைட்டுக்குப் போடும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டை அளவாக வெட்டிக் கால் வைத்து நிறுத்தி, முட்டைகளை அந்தத் தட்டின்மேல் வைப்பது. காற்று ஈரமாக இருக்கும், முட்டை ஈரத்தைத் தொடாது. எவ்வளவு தண்ணீர் என்ற சந்தேகமே போய்விடும். டப்பாவின் ஒரு பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் மூடியில் கோத்த நீர்த்துளி முட்டைமேல் சொட்டாமல் ஓரமாக வழியும். சொட்டும் நீர் பட்ட முட்டை அழுகும்.

முட்டையிட்ட காலையில் தாய் கூம்பு போலச் சுற்றி மேலே தலையை வைத்துக் காவல் இருப்பாள். கடிப்பாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தலைமேல் ஒரு துண்டைப் போட்டு, ஒருவர் வால் பக்கத்திலிருந்து சுற்றைப் பிரிக்க, இன்னொருவர் முட்டைகளைத் தாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக மூன்று முதல் பதினொன்று வரை, சராசரி ஆறு. வெள்ளைத் தோல்பை போல, கோழி முட்டையைவிடப் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், கொத்தாகவே தூக்கி வையுங்கள். மேல் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறி கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். கரு ஒட்டிக்கொண்ட பிறகு திருப்பினால் மூழ்கிச் செத்துவிடும்.

இருட்டறையில் சின்ன டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடியுங்கள். இளஞ்சிவப்பு ஒளியில் மரக்கிளை போல இரத்த நாளங்கள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாக, சிறியதாக, மெழுகு போல் இருப்பது கூமுட்டை. தெரியவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நல்ல முட்டையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கூமுட்டை பூசணம் பிடித்தாலும் நல்லது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். காய்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும்.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள். கடைசி இரண்டு வாரம் இரண்டு முறை, குட்டிகளுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். முதல் மாதத்திலேயே முட்டை குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. முட்டைமேல் தண்ணீர் ஊற்றாமல் டப்பா ஓரமாக வெதுவெதுப்பான நீர் சேருங்கள். கடைசி இரண்டு வாரத்தில் குழி விழுவது இயல்பு. 31.5 டிகிரியில் 55 முதல் 60 நாள். முதல் முட்டையில் கீறல் விழுந்து மூக்கு நுனி தெரிந்ததும் எல்லாவற்றையும் கத்தரிக்க ஆசை வரும். ஒரு நாள் முழுக்கப் பொறுத்து, அதன்பிறகும் கீறாதவற்றில் மட்டும், குறி போட்ட மேல் பக்கத்தில், நகக் கத்தரியால் நாளங்களைத் தவிர்த்து ஒரு சின்ன ஜன்னல் வெட்டலாம். தலையை வெளியே நீட்டிய குட்டி ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும். மீதி மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே இழுத்தால் தொப்புளில் கரு தொங்கும், இரத்தம் போகும்.

குட்டிகள் 50, 60 கிராம் இருக்கும். ஒவ்வொன்றும் தனி டப்பாவில்: ஐந்து லிட்டர், அடியில் ஈரமான பேப்பர் டவல், உடம்பு இடிக்கும் அளவுக்குச் சின்ன மறைவிடம், சின்னக் கிண்ணம், ஒரு முனையில் 31 டிகிரி. ஒன்று இரண்டு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும். அதற்கு முன் இரை காட்டவே வேண்டாம்.

எல்லோரும் தடுமாறுவது முதல் இரையில்தான். முட்டை எடுப்பதைவிட இது கடினம் என்றே சொல்வேன். உரித்து ஐந்தாறு நாள் கழித்து, உறையவைத்துப் பிறகு உருகவிட்ட ஏழெட்டு கிராம் சுண்டெலிக் குட்டி, கண் திறந்து முடி வந்தது. குளிர்பெட்டியில் இரவு முழுக்க உருகவிட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுடுதண்ணீரில் 40 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஈரம் போகத் துடைத்து, நீண்ட இடுக்கியால் மறைவிட வாசலில் மெல்ல நடக்கவையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். தலைப்பக்கம்தான் அதிகச் சூடாக இருக்க வேண்டும். பாம்பு உதட்டுக் குழிகளால் சூட்டைப் பார்த்துத்தான் கொத்துகிறது. பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பழக்கத்தால்தான் அமெரிக்காவில் இதற்குப் பந்துப் பாம்பு என்ற பொருளில் பெயர். எலியை இரவு முழுக்க மறைவிடத்துக்குள் வைத்து விளக்கை அணைத்துவிட்டால் பாதிக் குட்டிகள் காலைக்குள் எடுத்திருக்கும். எடுக்காததை அடுத்த ஐந்தாறு நாள் தொடாதீர்கள், பார்க்கக்கூட வேண்டாம். தினமும் எலியைக் காட்டிக் காட்டித் துரத்துவதுதான் குட்டியை நிரந்தரமாக மறுக்கவைக்கிறது. ஆரோக்கியமான குட்டி மஞ்சள் கருவின் பலத்தில் ஆறு வாரம்கூடத் தாங்கும். அதற்கு மேலும் மறுத்து, முதுகு கூரையாகத் தெரியத் தொடங்கினால் வாயில் வைத்து ஊட்ட வேண்டிவரும். அதை ஒருமுறை மருத்துவர் அல்லது அனுபவமுள்ளவர் கையால் செய்வதைப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

தாயை மறந்துவிடாதீர்கள். முட்டை எடுத்த அன்றே வெதுவெதுப்பான நீரில் கழுவி, கூண்டை முழுக்கச் சுத்தம் செய்து, விரிப்பை மாற்றுங்கள். முட்டை வாசம் போனால்தான் அடைகாப்பதை விட்டு இரை எடுப்பாள். முதலில் சின்ன எலி, வாரம் ஒன்று. உடம்பில் இன்னும் ஒரு கட்டி தடவினால் தெரிந்தாலோ, முட்டையிட ஆரம்பித்து ஒரு நாளாகியும் மீதி வரவில்லை என்றாலோ கையால் பிதுக்க வேண்டாம், உள்ளே உடைந்தால் உயிருக்கு ஆபத்து, மருத்துவரிடம் எக்ஸ்ரே. அடுத்த வருடம் பழைய எடைக்கு வராவிட்டால் அந்த வருடம் ஓய்வு.

பணக் கணக்குக்கு வருகிறேன். 150 பவுண்டு என்பது யாரோ கேட்கும் விலை. பனானாவும் பாஸ்டலும் இன்று எல்லோரிடமும் இருப்பவை. சாதாரணக் குட்டியை இலவசமாகக் கொடுக்கவும் ஆள் தேட வேண்டியிருக்கும். நேர்மையாக விற்பவர் குட்டி பத்து முறையாவது தானாக இரை எடுத்த பிறகே கொடுப்பார். ஆறு குட்டிக்கு அறுபது எலி, ஆறு டப்பா, மூன்று மாத மின்சாரம், இரண்டு பாம்புக்கு வைரஸ் சோதனை, ஒரு ஸ்கேன். முதல் ஈடு செலவையே எடுக்காது என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள். இருபது வருடத்துக்கு மேல் வாழும் உயிர் இது; யாரும் வாங்காத குட்டி உங்களோடுதான் இருக்கும். முட்டை பொரியும் முன்பே குறைந்தது நான்கு வீடுகள் கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் முட்டையிட்ட அன்றே இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுவதும் மரியாதையான முடிவுதான். கரு உருவாகி நாளாக நாளாக அதைச் செய்யக் கூடாது.

இங்கிலாந்தில் 2018 விதிகளின்படி விலங்குகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தொழிலாகச் செய்தால் உள்ளூர் கவுன்சில் உரிமம் வேண்டும். ஒரே ஒரு ஈடு விற்பது தொழிலாகுமா என்று லெஸ்டர் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது. சாதாரணத் தபாலில் அனுப்பவே கூடாது.

கடைசியாக உங்கள் தம்பி. மதுரைப் பக்கம் வயலில் பார்க்கும் நம் மலைப்பாம்பை வீட்டில் வைப்பதே குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. யாராவது குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். ராயல் பைத்தான் அயல்நாட்டு இனம். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022 திருத்தத்துக்குப் பிறகு அதே சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. வைத்திருப்பதும், குட்டி பிறப்பதும், இறப்பதும், கைமாறுவதும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவாக வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்து வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் பாம்புகளில் இந்த இனம் அடிக்கடி இருக்கிறது. பிடிபடாமல் தப்பியவை எந்தத் தாளும் இல்லாமல் கைமாறுகின்றன. தம்பிக்கு யாராவது விலை சொன்னால், முதலில் பரிவேஷ் பதிவு எண்ணையும் முந்தைய உரிமையாளரிடமிருந்து வந்த மாற்றப் பத்திரத்தையும் காட்டச் சொல்லட்டும். "பிறகு தருகிறேன்" என்றால் அந்தப் பாம்பை வாங்க வேண்டாம்.